ஓவியர் வந்தால் கடைத்தெரு பிழைக்குமா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் லிட்டில்டன் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 6,000. 2023-ல் அதன் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் பக்கவாட்டில் மூன்று சுவரோவியங்கள் வந்தன. பூ, மரம், நிறைய வண்ணங்கள், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தின் பால்புதுமையினர் (LGBTQ) அமைப்பு ஒன்று ஏற்பாடு செய்து வரைய வைத்தவை அவை. நகர நிர்வாகக் குழுவின் உறுப்பினர் ஒருவர், அவர் அப்போது மாகாண செனட்டரும்கூட, அந்தப் படங்களில் தீய சக்திகளின் குறியீடுகள் இருப்பதாகச் சொன்னார்.

தனியார் சுவரில் என்ன வரையலாம் என்று நகர நிர்வாகம் கட்டளையிட முடியாது. பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கிறது. அதனால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது: பொது இடங்களில் ஓவியமே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால் என்ன? நகரத்துக்குச் சொந்தமான பழைய ஆப்ரா அரங்கில் நாடகம் போட்டுவந்த உள்ளூர்க் குழுவும் இதில் மாட்டிக்கொண்டது. ஒரு தன்பாலீர்ப்பு இணையைப் பற்றிய இசை நாடகத்தை அது மேடையேற்றியிருந்தது. நகர மேலாளரின் மறைந்த மகன் தன்பாலீர்ப்பாளர். அதைக் குத்திக்காட்டிய பேச்சும் சேர்ந்துகொள்ள, கடைசியில் அந்த மேலாளர் பதவி விலகினார்.

'பழமைவாதச் சிற்றூர், வேறென்ன எதிர்பார்க்க முடியும்' என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் லிட்டில்டன், தன் மெயின் ஸ்ட்ரீட்டை, அதாவது ஊரின் முக்கியக் கடைத்தெருவை, மீட்டெடுத்ததற்காக 2003-ல் தேசிய விருது வாங்கிய ஊர். நாடகம், சிலை, சுவர்ச் சித்திரம் எல்லாம் அந்த மீட்பின் பகுதிகள். கடைத்தெரு செத்துக் கிடந்த காலத்தில் வராத சண்டை, அது பிழைத்து இருபது ஆண்டு கழித்து வந்தது. இதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடைகள் காலியாக இருக்கும்போது எந்த ஊரும் தாராள மனதோடுதான் இருக்கும். வாடகை ஏறிய பிறகு அந்தத் தாராளம் எங்கே போகிறது?

முதலில் கடைத்தெருக்கள் ஏன் காலியாயின என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1956-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மாகாணங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது. மினசோட்டாவில் ஈடைனா என்ற இடத்தில், கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன் வடிவமைத்த, முழுக்கக் கூரை போட்டுக் குளிரூட்டிய முதல் மால் திறக்கப்பட்டது. காரில் போய் நிறுத்தி வாங்குகிற பழக்கம் பரவியதும், ஊர் நடுவே இருந்த துணிக்கடையும் மருந்துக்கடையும் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. போதாக்குறைக்கு, 1949 வீட்டுவசதிச் சட்டம் கொடுத்த கூட்டாட்சிப் பணத்தில் பல நகராட்சிகள் தங்கள் பழைய கட்டடங்களைத் தாங்களே இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கின. மாலோடு போட்டி போட மாலைப் போலவே ஆக முயன்ற கூத்து அது. இடிக்காமல் பழுதுபார்த்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 1977-ல்தான் ஒரு திட்டமாக உருவானது. வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை மூன்று சிறு ஊர்களில் தொடங்கிய 'மெயின் ஸ்ட்ரீட்' சோதனை அது.

கலைஞர்கள் இந்தக் கதைக்குள் வந்தது வேறு வாசல் வழியாக. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் விதியை மீறிக் குடியேறியிருந்தார்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், குறைந்த வாடகை. 1971-ல் நகரம் விதியைத் திருத்தி, சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் மட்டும் அங்கே வசிக்கலாம் என்றது. அதற்குப் பிறகு சோஹோவில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்: ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் காலரிகள் வந்தன, காலரிகளைத் தேடிப் பணக்காரர்கள் வந்தார்கள், ஓவியர்களால் அங்கே இருக்க முடியாமல் போனது. ஊர் ஊராக நகராட்சிகள் இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் படித்துக்கொண்டன.

அதற்கு ஒரு கோட்பாட்டுச் சட்டை போட்டுவிட்டவர் நகர்ப்புற ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபுளோரிடா. 2002-ல் வெளியான அவருடைய நூலின் வாதம் எளிமையானது. தொழில்நுட்பம், திறமை, சகிப்புத்தன்மை ஆகிய மூன்றும் உள்ள ஊர்கள் வளரும். தன்பாலீர்ப்பாளர்களும் கலைஞர்களும் ஒரு ஊரில் நிம்மதியாக இருக்க முடிகிறது என்றால், புதியவர்களுக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது என்று பொருள். திறமையானவர்கள் அந்த ஊரைத் தேடி வருவார்கள், அவர்களைத் தேடி நிறுவனங்கள் வரும். தன்பாலீர்ப்பு இணைகள் எந்த ஊரில் எவ்வளவு என்று மக்கள்தொகைக் கணக்கிலிருந்து கேரி கேட்ஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய குறியீட்டை அவர் இதற்குப் பயன்படுத்தினார். நகராட்சிகளுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. 2003-ல் மிச்சிகன் ஆளுநர் 'கூல் சிட்டீஸ்' என்ற பெயரிலேயே ஒரு அரசுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசாணை போட்டு ஒரு ஊரைக் கூலாக்க முடியும் என்று நம்பிய காலம்!

எதிர்வாதமும் சீக்கிரமே வந்தது. ஹார்வர்ட் பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர் அதே தரவுகளை எடுத்து, ஒவ்வொரு ஊரிலும் பட்டதாரிகளின் விகிதத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். சகிப்புத்தன்மைக் குறியீட்டின் தனிப்பட்ட விளைவு பெரும்பாலும் கரைந்துபோனது. அதாவது, படித்தவர்கள் அதிகம் உள்ள ஊர் வளர்கிறது. அதே ஊரில் கலைஞர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் அதிகம் இருக்கிறார்கள். எது காரணம், எது உடன் நிகழ்வு என்பது அவ்வளவு தெளிவில்லை. ஃபுளோரிடாவே 2017-ல் எழுதிய இன்னொரு நூலில், இப்படி வளர்ந்த நகரங்களில் ஏற்றத்தாழ்வும் வீட்டு விலையும் எகிறியதைப் பற்றிக் கவலைப்பட்டார்.

என்னைக் கேட்டால், இரு தரப்பும் பெருநகரக் கணக்கையே போட்டார்கள். சிற்றூரில் சகிப்பு என்பது குறியீட்டு எண்ணாக வேலை செய்வதில்லை. காலிக் கடையின் சொந்தக்காரருக்கு வாடகை வந்தால் போதும், வருபவர் யாரை நேசிக்கிறார், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார் என்று விசாரிக்கமாட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திறந்த மனது மாதிரி தெரியும். உண்மையில் அது அக்கறையின்மை. ஆனால் அந்த அக்கறையின்மை இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்ட ஊர்கள் தப்பித்தன. கென்டக்கி மாகாணத்தின் படூகா அதற்கு நல்ல உதாரணம். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் சேரும் இடத்தில் இருக்கும் படூகாவின் மக்கள்தொகை சுமார் 27,000. 1937 பெருவெள்ளம் ஊரையே மூழ்கடித்த பிறகு, ஆற்றோரம் ஒரு கான்கிரீட் வெள்ளத் தடுப்புச் சுவர் எழுந்தது. 1952 முதல் யுரேனியம் செறிவூட்டும் ஆலை பெரிய வேலைவாய்ப்பாக இருந்தது. டவுன்டவுனை ஒட்டிய லோயர் டவுன் பகுதி, 19-ம் நூற்றாண்டு வீடுகள் நிறைந்தது, 1990-களில் பாழடைந்து போதைப்பொருள் வியாபாரத்துக்குப் பேர்போனதாகிவிட்டது. அங்கே குடியிருந்த ஓவியர் மார்க் பரோன் இதைப் பொறுக்காமல் நகராட்சிக் கதவைத் தட்டினார். நகரத் திட்ட அலுவலர் டாம் பார்னெட்டோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் 2000-ல் தொடங்கிய கலைஞர் குடியேற்றத் திட்டம்.

திட்டத்தின் சூட்சுமம் ஓவியத்தில் இல்லை, கடனில் இருந்தது. ஒரு பாழடைந்த வீட்டின் சந்தை மதிப்பு 30,000 டாலர், அதைச் சீரமைக்க 1,20,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வங்கி மதிப்பீட்டுத் தொகைக்குள்தான் கடன் கொடுக்கும். ஆகவே யாராலும் அந்த வீட்டைத் தொட முடியாது. அது இன்னும் பாழாகும், பக்கத்து வீட்டின் மதிப்பையும் இழுத்துக்கொண்டு விழும். படூகாவில் ஒரு உள்ளூர் வங்கி மதிப்பீட்டைத் தாண்டியும் கடன் கொடுக்க முன்வந்தது. நகராட்சி தன் கையிலிருந்த சில வீடுகளை ஒரு டாலருக்குக்கூட விற்றது. கீழே காலரியும் பட்டறையும், மேலே குடித்தனம் என்று ஒரே கட்டடத்தில் நடத்தும்படி நிலப் பயன்பாட்டு விதியும் திருத்தப்பட்டது. நாடு முழுக்க வெளியாகும் கலைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். முக்கியமான விஷயம், அவர்கள் வாடகைதாரர்களாக வரவில்லை. பத்திரம் அவர்கள் பெயரில்.

படூகாவுக்குக் கலை புதிதும் இல்லை. ஒட்டுத்துணிகளைத் தைத்துச் சேர்க்கும் குவில்ட் கலைக்கான பெரிய சங்கம் ஒன்று 1984-ல் அங்கேதான் தொடங்கியது. 1991-ல் அருங்காட்சியகம் வந்தது. ஆண்டுதோறும் நடக்கும் குவில்ட் வாரத்துக்கு ஊரின் மக்கள்தொகையைவிட அதிகமான பேர் வருகிறார்கள். வெள்ளத் தடுப்புச் சுவரில் 1996 முதல் ராபர்ட் டாஃபர்ட் என்ற ஓவியர் ஊரின் வரலாற்றைச் சித்திரங்களாக வரைந்தார். 2013-ல் யுனெஸ்கோ, படூகாவைக் கைவினைக்கும் நாட்டுப்புறக் கலைக்குமான படைப்பு நகரமாக அறிவித்தது. அதே ஆண்டில்தான் யுரேனியம் ஆலை செறிவூட்டலை நிறுத்தியது.

சரி, எல்லாம் இனிமையாகவே முடிந்ததா? இல்லை. 2008 பொருளாதாரச் சரிவில் ஓவியம் வாங்குவது முதலில் குறைந்தது. சில கலைஞர்கள் வீட்டை விற்றுக்கொண்டு போனார்கள், சில காலரிகள் மூடின. ஆனால் சீரமைத்த வீடு திரும்பப் பாழாகவில்லை. ஒரு கல்லூரியின் கலைப்பள்ளியும் அந்தப் பகுதிக்கு வந்தது. முன்பு அந்த வீடுகளில் மலிவு வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பங்கள் எங்கே போயின என்பது மட்டும் வெற்றிக் கதைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

கலைஞர்களை வரவேற்ற படூகா, பாலினச் சிறுபான்மையினரைச் சட்டப்படி பாதுகாக்க மேலும் 18 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வேலை, வீடு, கடை, ஹோட்டல் எதிலும் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற உள்ளூர்ச் சட்டம் 2018-ல்தான் நிறைவேறியது. கென்டக்கியில் மாகாண அளவில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், சில நூறு பேர் மட்டுமே வாழும் விக்கோ என்ற நிலக்கரிச் சுரங்க ஊர் அதை 2013-லேயே செய்துவிட்டது. அங்கே காலரியும் கிடையாது, கலைத் திருவிழாவும் கிடையாது. கலை வந்தால் சகிப்பு தானாக வரும், சகிப்பு வந்தால் கலை தானாக வரும் என்ற கணக்கு எவ்வளவு நொண்டி என்பதற்கு இந்த இரு ஊர்களே போதும்.

மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸ் எதிர்த் திசையில் போனது. 1985-ல் ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் ஆலை மூடியது. ஒரு காலத்தில் 4,000 பேருக்கு மேல் வேலை கொடுத்த ஆலை. அந்தக் காலி வளாகத்தில் 1999-ல் மாஸ் மோக்கா என்ற சமகாலக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே மிகப் பெரிய சமகாலக் கலைக் கூடங்களில் அது ஒன்று. ஆண்டுக்கு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் அருங்காட்சியகத்துக்கும் மெயின் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே ஒரு மேம்பாலச் சாலை. மெயின் ஸ்ட்ரீட்டின் ஒரு பக்கத்தையே நகரச் சீரமைப்பு என்ற பெயரில் எப்போதோ இடித்துவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் காரை நிறுத்தி, படம் பார்த்து, உள்ளேயே காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கடைத்தெருவில் காலிக் கடைகள் நீண்ட காலம் அப்படியே இருந்தன. படூகாவில் எழுபது சின்ன உரிமையாளர்கள், இங்கே ஒரே பெரிய நிறுவனம். முன்னதில் பணம் தெருவில் சிதறுகிறது, பின்னதில் வளாகத்துக்குள் சுற்றுகிறது. அந்த மேம்பாலத்தை என்ன செய்யலாம் என்று ஆராய 2023-ல் ஒரு கூட்டாட்சி மானியம் கிடைத்தது.

சகிப்பு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் சிக்கலான ஊர் நியூ ஜெர்சியின் அஸ்பரி பார்க். 15,000 பேர் வாழும் கடலோர ஊர். ரயில் பாதை அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடற்கரை, ஹோட்டல்கள். மேற்கே, அந்த ஹோட்டல்களில் வேலை செய்த கறுப்பின மக்களின் குடியிருப்பு. 1970 ஜூலையில் வெடித்த கலவரத்தில் மேற்குப் பக்கத்தின் ஸ்பிரிங்வுட் அவென்யூ எரிந்தது. அந்தத் தெருதான் கறுப்பின வணிகத்துக்கும் இசைக்கும் மையமாக இருந்தது. அதன் பிறகு ஊரே சரிந்தது. பாதி கட்டிய ஒரு கோபுரக் கட்டடம் 1989 முதல் எலும்புக்கூடாகக் கடற்கரையில் நின்று, 2006-ல்தான் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அந்தச் சரிவுக் காலத்தில், 1990-களிலும் 2000-களிலும், வேறு இடங்களில் வாடகை தாங்காத தன்பாலீர்ப்பாளர்கள் கிழக்குப் பக்கத்தின் பழைய வீடுகளை வாங்கிச் சீரமைத்தார்கள். இசை அரங்குகள் திரும்பவும் சத்தம் போட்டன, காலரிகள் வந்தன. சகிப்பும் கலையும் சேர்ந்து ஒரு ஊரைத் தூக்கிய கதை என்று இதைச் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதையின் மேற்கே அந்த அலை மிக மெதுவாகவே போனது. கிழக்கே ஆடம்பர ஹோட்டல், கடல் பார்த்த அடுக்குமாடி எல்லாம் எழுந்த ஆண்டுகளில், ஸ்பிரிங்வுட் அவென்யூவில் காலி மனைகள் கிடந்தன. புதிதாக வந்த ஒரு சிறுபான்மையை ஊர் ஏற்றுக்கொண்டது. ஏற்கனவே அங்கே இருந்த இன்னொரு சிறுபான்மை அந்த மறுமலர்ச்சியைப் பாதைக்கு அப்பாலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. முதலில் வீடு வாங்கிய தன்பாலீர்ப்பாளர்களைப் போன்ற வருமானம் உள்ளவர்கள் இன்று அங்கே வாங்க வந்தால், அவர்களாலும் முடியாது.

கலை இல்லாமலே கடைத்தெரு மீண்ட ஊர்களும் உண்டு. மெய்ன் மாகாணத்தின் லூயிஸ்டன், துணி ஆலைகள் மூடிய ஊர். அங்கே 2001 முதல் சோமாலி அகதிகள் வந்து குடியேறத் தொடங்கினார்கள். 2002-ல் அப்போதைய மேயர், வரும் வேகத்தைக் குறையுங்கள் என்று சோமாலி சமூகத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதைச் சாக்காக வைத்து ஒரு வெள்ளை இனவெறி அமைப்பு 2003 ஜனவரியில் அங்கே கூட்டம் போட்டது. வந்தவர்கள் சில டஜன் பேர். அதே நாளில் எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அப்புறம் லிஸ்பன் ஸ்ட்ரீட்டின் காலிக் கடைகள் சிலவற்றில் சோமாலிகள் மளிகையும் துணிக்கடையும் வைத்தார்கள்.

பென்சில்வேனியாவின் ஹேசில்டன் வேறு வழியில் போனது. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் பெருகியதும், ஆவணமில்லாதவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு அபராதம் விதிக்கும் உள்ளூர்ச் சட்டத்தை 2006-ல் கொண்டுவந்தது. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றக் கதவு வரை போய்த் திரும்பியது. கடைசியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு 14 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. ஹேசில்டன் மாதிரி ஒரு சின்ன ஊரின் கருவூலத்துக்கு அது பேரிடி. இதற்குள் ஊரின் பெரும்பான்மையே லத்தீன் மக்கள் ஆகிவிட்டார்கள். கடைத்தெருவில் புதிதாகத் திறந்த கடைகளில் கணிசமானவை அவர்களுடையவை.

இத்தனை ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, சகிப்பு என்பதைப் பேச்சில் தேடுவதைவிட நகராட்சியின் காகிதங்களில் தேடுவது பயனுள்ளது என்று தோன்றுகிறது. விளம்பரப் பலகை விதி போன்ற சப்பென்ற காகிதம்கூட இதில் சேரும். நியூ ஹாம்ப்ஷயரிலேயே கான்வே என்ற ஊரில், 2022-ல் பள்ளி மாணவர்கள் ஒரு பேக்கரியின் முகப்பில் டோனட்டும் மஃபினும் மலைகளாக அடுக்கிய ஓவியம் ஒன்றை வரைந்தார்கள். பேக்கரி மேல் டோனட் இருந்தால் அது விளம்பரம், அளவு மீறிவிட்டது என்றது நகர நிர்வாகம். நிஜ மலை வரைந்திருந்தால் பிரச்சினை இல்லையாம். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய், 2025-ல் பேக்கரிக்குச் சாதகமாக முடிந்தது. டோனட்டுக்கே இந்தப் பாடு என்றால், லிட்டில்டன் ஓவியங்களை வரைய வைத்தவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரியின் விருப்பத்துக்கு இடம்விடும் விதி, பிடிக்காதவர்கள் கையில் போகும் நாளில் ஆயுதமாகிவிடும்.

இரண்டாவது காகிதம் பத்திரமும் லீஸும். கலைஞர்களுக்கான மலிவுக் குடியிருப்புகளைக் கட்டித் தானே சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆர்ட்ஸ்பேஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 1979-ல் மினியாபொலிஸில் தொடங்கியது. குறைந்த வருமானத்தாருக்கான வரிச்சலுகையைக் கலைஞர் குடியிருப்புக்குப் பயன்படுத்தலாமா என்ற சந்தேகத்தை 2008-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நீக்கியது. வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகையாகத் திரும்பும். சிற்றூர்த் திட்டங்கள் பலவும் இப்படி மூன்று நான்கு பணத்தை ஒட்டுப்போட்டுத்தான் நிற்கின்றன. நகராட்சிகளோ இவற்றைவிடத் திருவிழாவையும் சுவரோவியத்தையும்தான் விரும்புகின்றன. ரிப்பன் வெட்டலாம், புகைப்படம் எடுக்கலாம், அடுத்த தேர்தலுக்குள் முடிந்துவிடும்.

அந்தத் திருவிழாப் பணத்துக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. தேசியக் கலை நிதியம் 2011-ல் 'அவர் டவுன்' (Our Town, நம் ஊர்) என்ற பெயரில் இப்படிப்பட்ட ஊர்களுக்கென்றே மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2025 மே மாதம் அந்த நிதியம் ஏற்கனவே அறிவித்திருந்த நூற்றுக்கணக்கான மானியங்களை ரத்து செய்தது. சிற்றூர் நாடகக் குழுவுக்கு இருபதாயிரம் டாலர் மானியம் நின்றால், அந்தப் பருவத்தின் ஒரு தயாரிப்பு நிற்கும். அரங்கு தங்கள் பெயரில் இருந்தால், பணம் சேரும் வரை பூட்டி வைத்துவிட்டு அடுத்த பருவத்தில் திறந்துகொள்ளலாம். நகராட்சியிடம் ஆண்டுக்கு ஆண்டு லீஸ் புதுப்பித்து நடத்தும் குழுவானால், அடுத்த நாடகம் எது என்று முடிவு செய்யும்போதே நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.